ஃபோஷான் குழியும் அப்பாவின் ருத்ராட்சமும்

1

ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் எங்கள் வட்டாரக் காவல் நிலையத்துக்குப் போய் 'வந்துவிட்டோம்' என்று பதிவு செய்ய வேண்டும். ஃபோஷானில் வெளிநாட்டவர் எல்லாருக்கும் உள்ள விதி இது. சீனாவின் தெற்கே, தரையில் பதிக்கும் டைல்ஸ் கற்களைச் சூளையில் சுடும் இந்த ஊருக்கு நான் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏற்றுமதிக்குப் போகும் கற்களைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்வது என் வேலை. இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் கொண்டுபோன தாள்கள் முதல் தடவையிலேயே சரியாக இருந்ததில்லை. வாடகை ஒப்பந்தம் இருந்தால் வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல் இருக்காது. அது இருந்தால் ஒப்பந்தம் காலாவதியாகியிருக்கும்.

இந்த ஆவணியிலும் ஒரு நகல் குறைந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் பெண் காவலர் அதைச் சொல்ல வாயெடுத்தவர், என் மகள் கயலின் மணிக்கட்டைப் பார்த்து நிறுத்திவிட்டார். அங்கே ஐந்து முக ருத்ராட்சம் ஒரு சரம் கிடந்தது.

"நீயும் குழிக்குள் இறங்கிவிட்டாயா?" என்று கேட்டார்.

"அடியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள் கயல்.

காவலர் சீருடையின் கைப்பட்டையை மெல்ல மேலே தள்ளினார். அவர் கையிலும் ஒரு சரம். அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. எந்த எண்ணெய், எவ்வளவு நாள், கோடைக்காலத்தில் கையுறை போடுகிறாயா என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். முத்திரை பேச்சோடு பேச்சாக விழுந்தது. குறைந்த நகலைக் கேட்கவே இல்லை.

வெளியே வந்ததும் கயல் தன் சரத்தை ஒரு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா மாலை இப்போ எப்படி இருக்கும்?" என்றாள். அந்தக் கேள்வியால்தான் இதை எழுதுகிறேன்.

2

'ரு கெங்' என்று ஒரு சொல் சீன இணையத்தில் புழங்குகிறது. குழிக்குள் இறங்குதல் என்று பொருள். ஒரு நடிகரின் மேலோ, கணினி விளையாட்டின் மேலோ, மைப்பேனாவின் மேலோ, தேயிலையின் மேலோ ஆசை வைத்து, அதற்கே பொழுதையும் சம்பளத்தையும் கொடுத்துவிடுகிறவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. 'எந்தக் குழியில் இருக்கிறாய்?' என்று கேட்டால் அதில் ஏச்சு இல்லை. 'எந்த ஊர்?' என்பதுபோல ஒரு நலம் விசாரிப்பு. ஆசை விட்டுப்போனால் குழியிலிருந்து ஏறிவிட்டதாக அறிவிப்பார்கள். சேர்த்ததையெல்லாம் விற்றுவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்பி இறங்குவார்கள். அதற்கும் ஒரு சொல் உண்டு.

நாம் இதைப் பைத்தியம் என்கிறோம், கிறுக்கு என்கிறோம். சினிமாப் பைத்தியம், கிரிக்கெட் கிறுக்கு. நம் பேச்சில் கோளாறு ஆளிடம் இருக்கிறது. சீனர்கள் பேச்சில் குழி தரையில் இருக்கிறது. நடந்து போகிற யாரும் விழலாம். இந்த வேறுபாட்டை எண்ணிப் பல நாள் வியந்திருக்கிறேன், வீட்டுக்குள் ஒருத்தி விழும்வரை.

என் நாட்குறிப்பில் இந்தச் சொல் முதலில் வருவது கயல் எட்டாம் வகுப்பில் இருந்த ஐப்பசியில். அதுவரை அவளுக்கு வயலின் வகுப்பு இருந்தது. என்னோடு உட்கார்ந்து தமிழ் வாசிக்கும் அரை மணி நேரம் இருந்தது. முதலில் வயலின் போனது. பிறகு தமிழ் வாசிப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்து, அங்கிருந்தும் நழுவியது. அந்த இடத்தில் ருத்ராட்சம் வந்து உட்கார்ந்தது.

சீனாவில் ருத்ராட்சத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜபம் செய்கிறவர்களைவிட, கையில் வைத்துத் தேய்க்கிறவர்கள் ஜாஸ்தி. புது மணி வெளிறியிருக்கும். அதன் பள்ளங்களில் உள்ள தூசியைக் கெட்டியான பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பிறகு மாதக்கணக்கில் பிரஷ், விரல், துளி எண்ணெய், மறுபடியும் விரல். மெல்ல மெல்ல மணி சிவக்கும். மேலே ஒரு மெருகு படியும். ஆண்டுக்கணக்கில் ஒருவர் கையில் இருந்த மணி மாதுளை விதைபோல ஆகிவிடும். அந்த நிறத்துக்காகத்தான் எல்லாம். கயலைப் போன்ற பிள்ளைகள் ஒரு குழுவில் சேர்ந்து வாராவாரம் படம் போட்டு ஒப்பிடுகிறார்கள். வீட்டுப்பாடம் முடிந்ததும் அவள் அறையிலிருந்து 'சரக் சரக்' என்று சத்தம் வரும். என் மனைவி மலர் மழலையர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவள், பொறுமைசாலி. அவளே ஒரு நாள், "வீட்டுல எலி இருக்கறாப்பல இருக்குங்க" என்றாள்.

3

அப்பா போன ஆண்டு ஆடி மாதம் வளர்பிறை துவாதசியில் காலமானார். இந்த ஆண்டு அந்தத் திதி எப்போது வருகிறது என்று பார்க்க எனக்குப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. சீனச் சந்திர மாதத்தில் வளர்பிறை துவாதசி பெரும்பாலும் பன்னிரண்டாம் நாளாகவே வரும். எங்கள் தெருக் காய்கறிக் கடையில் தொங்கும் நாள்காட்டியில் அது கத்திரிக்காய் படத்துக்குக் கீழே இருந்தது. ஊரிலிருந்து பஞ்சாங்கத் தேதியைச் சொல்ல அண்ணன் கூப்பிட்டபோது, நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றான்.

"கத்திரிக்கா கடையில பாத்தேன்ணா."

"அங்கயும் அப்பாவுக்குத் திதி போட்டு வெச்சிருக்கானா?" என்று சிரித்தான்.

அண்ணன் பெயர் சோமு. திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார், பம்ப் சாமான் கடை வைத்திருக்கிறான். வேங்கிக்காலில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறான். அப்பா கலெக்டர் ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி மூன்று ஆண்டுகள் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் அண்ணனும் சுமதி அண்ணியும்தான். நான் தினமும் போன் செய்தேன்.

அப்பாவின் பொருள்களில் அண்ணன் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. அப்பா ஜபம் செய்த ருத்ராட்ச மாலை. ஓராண்டாக அது அவர் படத்தின் மேல் தொங்கியது. வருஷத் திதியன்று அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு காரியம் செய்ய வேண்டும், அதோடு வருகிற பௌர்ணமிக்கு மலை சுற்ற வேண்டும் என்பது அவன் எண்ணம். "அது வரைக்கும் யாரும் தொடல. நானே தொடல" என்று போனில் சொல்லியிருந்தான்.

மலரின் கடவுச்சீட்டு அப்போது குடியிருப்பு அனுமதிப் புதுப்பிப்புக்காக அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் நானும் கயலும் மட்டும் போனோம்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணி கயலின் கழுத்தையும் கையையும் பார்த்துவிட்டார். "என் தங்கமே! சீனாவுல இருந்துக்கினு ருத்ராட்சம் போட்டிருக்குது பாருங்க! இங்க இருக்கறதுங்க பிளாஸ்டிக்க மாட்டிக்கினு திரியுதுங்க."

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டுக் காட்டினான். கயல் ஃபோஷானில் கறி, மீன் எல்லாம் தின்கிறவள் என்பதை அந்த நேரத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளோ மறைக்கிறவள் அல்ல. சாப்பிடும்போது தன் உடைந்த தமிழில் குழியை விளக்கினாள். "பெரியப்பா, நான் குழியில இருக்கேன். ருத்ராட்சக் குழி. நீ கேட்டது இல்ல?"

சீன மொழியில் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். அந்தப் பழக்கத்தை அவள் நாக்கிலிருந்து என்னால் எடுக்க முடியவில்லை. அண்ணன் அதைப் பொருட்படுத்தவில்லை.

"ருத்ராட்சக் குழியா? அதுல விழுந்தா எழுந்திருக்கவே வேணாம்மா" என்றான்.

"எல்லாருக்கும் ஒரு குழி இருக்கு. அப்பாவுக்கு டைரி. உனக்கு மலை."

"ஏய், நான் போறது மலை. குழி இல்ல."

"மாசா மாசம் சுத்திச் சுத்தி வந்து அதே எடத்துல நிக்கறீங்க இல்ல, அதுக்கு என்ன பேரு?" என்றார் அண்ணி, ரசம் ஊற்றிக்கொண்டே. "ஒருத்தர் மலைய சுத்தறாரு, ஒருத்தர் டைரி எழுதறாரு, பொண்ணு மணி தேய்க்குது. நான் ஒருத்திதான் எந்தக் குழியிலயும் விழாம அடுப்பாண்ட நிக்கறேன்."

4

மறுநாள் கயலைச் செங்கம் சாலைக்குக் கூட்டிப்போனேன். ஆசிரமத்தை ஒட்டிய கடைகளில் ருத்ராட்சம் குவித்து வைத்திருப்பார்கள். வெளிநாட்டுப் பயணிகள் நடுவே அவளும் ஒரு பயணிபோலக் குனிந்து, மணிகளை நகத்தால் தட்டி, கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள்.

"ஒரிஜினல் நேபாளம் பாப்பா" என்றார் கடைக்காரர்.

"இல்ல, இது இந்தோனேசியா. சின்னதா இருக்கு. முள்ளு கம்மி."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "பாப்பாவுக்கு எந்த ஊரு சார்?"

"ஃபோஷான்" என்றாள் அவளே.

"அது எங்கம்மா, போளூர் தாண்டியா?"

அவள் ஆமென்று தலையாட்டிவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தாள். அவளை அவ்வளவு நெருக்கமாக நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. குழிக்குள் இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் நாமும் கொஞ்சம் குனிய வேண்டும் போலிருக்கிறது.

5

திதிக்கு இரண்டு நாள் முன்பு, வாரிசுச் சான்றிதழுக்காக அண்ணனும் நானும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். என் முகவரியைக் கணினி ஏற்கவில்லை. "ஃபாரின் அட்ரஸ் எடுக்காது சார். பின்கோடு ஆறு நம்பர் இருக்கணும்" என்றார் உள்ளே இருந்தவர். சீனாவிலும் ஆறு இலக்கம்தான் என்றேன். அடித்துப் பார்த்தார். கணினி அதை ஆந்திரப் பக்கத்தில் கொண்டுபோய்த் தேடியது.

"முடிஞ்சுது போ. நீ ஆந்திராக்காரன் ஆயிட்ட" என்றான் அண்ணன். ஒருவழியாக அவன் முகவரியிலேயே என்னையும் குடிவைத்துக் கையெழுத்துப் போட்டோம். "இப்ப நீயும் வேங்கிக்கால்தான்டா. சட்டப்படி" என்று என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். அந்தக் கை அப்படியே இருக்கும்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தோம்.

கூடத்தில் அப்பா படத்தின் மேல் மாலை பளபளத்தது.

அண்ணன் கை என் தோளிலிருந்து இறங்கியது.

"யாரு இதத் தொட்டது?"

உள்ளே இருந்து கயல் ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "நான்தான் பெரியப்பா! உனக்காகப் பண்ணேன். திதிக்கு நீ போடணும் இல்ல? ரொம்ப அழுக்கா இருந்துச்சு."

"அழுக்கா?"

"ஆமா. பள்ளத்துல எல்லாம் வெள்ளையா, கெட்டியா."

"அது விபூதிம்மா."

"தெரியும். ஆனா அது ஈரம் இழுக்கும். அப்படியே விட்டா மணி வெடிச்சிடும். ஒரு மணியில கீறல் வந்திருக்கு, பாரு."

அவள் குழியின் விதிப்படி அவள் செய்தது மிகப் பெரிய மரியாதை. மற்றவரின் மாலையைப் பிரஷ் போட்டுத் தருவது நெருங்கியவர்களுக்கு மட்டும் செய்கிற வேலை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகத் தேய்த்து, கிணற்றடிக் கல்லில் கழுவி, எண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கிறாள். அண்ணி மதியம் கண்ணயர்ந்திருந்தார்.

"எதால தேச்ச?" என்றான் அண்ணன்.

அவள் பிரஷ்ஷைக் கொண்டுவந்து நீட்டினாள். அது அவளிடம் இருப்பதிலேயே நல்ல பிரஷ். "இதுதான் பெரியப்பா பெஸ்ட். நைலான் போட்டா மணி கெடும். இது காட்டுப்பன்னி முடி."

எனக்கு அது தெரியும். ஃபோஷானில் அந்தப் பெட்டியின் மேல் பன்றியின் படம்கூட உண்டு. வேங்கிக்கால் வீட்டின் கூடத்தில், அப்பா படத்துக்கு முன்னால், மூன்று தலைமுறையாக முட்டைகூடத் தொடாத குடும்பத்தில் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்பதை நான் யோசித்ததில்லை.

அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் கிணற்றடிக்குப் போனான். கழுவிய கல்லையும், அதிலிருந்து சாக்கடைக்குப் போகும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா விரலால வெச்ச விபூதிடா" என்றான், நான் பக்கத்தில் போனபோது. "நாப்பது வருஷம். காலைல மூணு விரலால நெத்தியில பூசிக்கினு அதே விரலால மாலைய எடுப்பாரு. அது அப்படியே அதுல ஒட்டிக்கினு இருந்துச்சு. அவரு ஒடம்புல மிச்சம் இருந்தது அதான். அதனாலதான்டா நான் தொடல."

"கொழந்தைக்குத் தெரியலண்ணா."

"தெரியாதுடா. எனக்குப் புரியுது. அவ மேல கோவம் இல்ல. ஆனா அவ மூஞ்சியப் பாக்க முடியல. என்ன பண்ணச் சொல்ற?"

அன்று மாலை கயல் சாப்பிட வரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, என்னிடம் சீனத்தில் கேட்டாள்: "நாம் திரும்பிப் போய்விடலாமா? இனிமேல் இங்கே வர வேண்டாம்."

பதினெட்டு ஆண்டுகளாக நான் பயந்த வாக்கியம் அது. மொழி நழுவினால் பிடித்துக்கொள்ளலாம், பழக்கம் மாறினால் சகித்துக்கொள்ளலாம். அந்த வீட்டு வாசலை அவள் இனி மிதிக்க மாட்டாள் என்றால், எனக்குப் பிறகு எங்கள் குடும்பத்துக்குத் திருவண்ணாமலை என்று ஒன்று இல்லை. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அண்ணன். நடுவே ஒரு சுவர்தான். அதை எப்படித் தாண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

6

மறுநாள் காலை அண்ணன் மாலையை வாழை இலையில் சுற்றிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனான். நானும் கூடப் போனேன். குருக்கள் அவசரத்தில் இருந்தார். வேறெங்கோ கணபதி ஹோமம். ஸ்கூட்டர் வாசலிலேயே நின்றது. அண்ணன் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னான்.

"என்ன முடி?"

"பன்னி முடிங்க சாமி. காட்டுப்பன்னி."

குருக்கள் சிரித்துவிட்டார். "ஏம்பா சோமு, எந்த ஊருல குந்திக்கினு எத பத்திப் பயப்படற? பெருமாளே பன்னியா வந்து இங்க பள்ளம் தோண்டினாரு, அடியப் பாக்கறேன்னு. அவரு மேல இல்லாத தீட்டு உன் பிரஷ் மேலயா வந்துடும்?"

"இருந்தாலும் சாமி..."

"பால்ல அலம்பி அபிஷேகத் தீர்த்தம் தெளிக்கறேன். சரியாப் போச்சு. கொண்டா, எனக்கு நேரமாவுது."

அண்ணாமலையின் கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். நெருப்புத் தூணாக நின்றவரின் முடியைத் தேடி ஒருவர் அன்னமாகப் பறந்தார். அடியைத் தேடி ஒருவர் பன்றியாகத் தோண்டிக்கொண்டே போனார். அடி கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான தடவை கேட்ட கதை. அதில் ஒரு குழி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அண்ணனுக்குத் தீட்டுக் கவலை நீங்கியது. முகம் தெளியவில்லை. "தீட்டு போச்சு சாமி. விபூதி?" என்றான்.

குருக்கள் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, "அது போனது போனதுதான்பா" என்றார்.

7

பாலில் நனைந்து வந்த மாலையை அண்ணி வாங்கிக்கொண்டார். வெயிலில் போடப் போனவர் நின்றார். பிறகு நேராகக் கயல் இருந்த அறைக்குப் போனார்.

"ஏம்மா, இத வெயில்ல வெக்கலாமா?"

கயல் படுத்தபடியே திரும்பினாள். "வேணாம் பெரியம்மா. வெடிச்சிடும். நிழல்ல."

"எப்படி வெக்கறதுனு எனக்குத் தெரியாது. வந்து நீயே வெய்யி. பிரஷ் கிரஷ் எடுத்துக்கினு வந்துடாத."

அவள் வந்தாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்திருந்தான். பக்கம் திருப்பவில்லை. கயல் தரையில் ஒரு பருத்தித் துண்டை விரித்து, மாலையை அதில் வட்டமாக வைத்து, ஒவ்வொரு மணியாக ஈரத்தை ஒற்றி எடுத்தாள். திடீரென்று அவள் கை நின்றது. மாலையை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள்.

"அப்பா, தாத்தா ஏன் பாதியில நிறுத்திட்டாரு?"

"என்ன?"

"பாரு. நேத்து எண்ணெய் மினுமினுப்புல தெரியல. பெரிய மணி இங்க இருக்கு இல்ல? அதுக்குப் பக்கத்துலேர்ந்து இங்க வரைக்கும் நல்ல செவப்பு. முள்ளு எல்லாம் தேஞ்சு போச்சு. இது ரொம்ப வருஷம் கை பட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கம்மி. இதுக்கு அப்புறம் சும்மா. புது மணி மாதிரி."

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. நாயக மணிக்கு ஒரு பக்கத்தில் மாலையின் மூன்றில் ஒரு பாகம் மாதுளைச் சிவப்பில் வழவழத்தது. பிறகு நிறம் தேய்ந்து, மறுபக்கம் முழுவதும் வெளிறி, சொரசொரவென்று இருந்தது. நாற்பது வருஷத்து விபூதி எல்லா மணியையும் ஒன்றாக மூடியிருந்தது.

செய்தித்தாள் இறங்கியது. அண்ணன் எழுந்து வந்து மாலைக்கு முன்னால் உட்கார்ந்தான். விரலால் தடவினான். அவன் உதடு கோணியது; அழப் போகிறான் என்று நினைத்தேன். சிரிப்பு.

"தூங்கிடுவாருடா! ஜபத்துல குந்தினா பத்து நிமிஷம். தலை தொங்கிடும். நானே பாத்திருக்கேன்."

"தூங்கறதெல்லாம் கடைசியில, ஒடம்பு முடியாம போன அப்புறம்" என்றார் அண்ணி. "அதுக்கு முன்னாடியெல்லாம் எங்க தூங்கினாரு? காலைல ஆபீசுக்கு ஓடற அவசரத்துல கொஞ்சம் உருட்டிட்டு வெச்சிடுவாரு. ரிட்டயர் ஆன அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளக்கு வெச்சதும் குந்துவாரு. கொஞ்ச நேரத்துல இவரு போன் வந்துடும். மாலைய கீழ வெச்சிட்டு எடுத்துடுவாரு."

ஃபோஷானில் எட்டரை என்றால் வேங்கிக்காலில் ஆறு. நான் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவும் முன் கூப்பிடும் நேரம். முதல் மணியிலேயே அப்பா எடுத்துவிடுவார். போனுக்குப் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

"பேசி முடிச்சிட்டு மறுபடியும் பண்ண மாட்டாரா?" என்றேன்.

"எங்க? எழுந்து நேரா சமையல்கட்டாண்ட வந்து, 'சின்னவன் சாப்ட்டானாம்' னு சொல்லுவாரு. அப்புறம் டி.வி. நியூஸ். ஜபம் மறுநாள் மொதல்லேர்ந்துதான். நான்கூட கேப்பேன், 'என்ன மாமா, விட்ட எடத்துலேர்ந்து பண்ணக் கூடாதா?' னு. 'அது எந்த எடம்னு யாரும்மா ஞாபகம் வெச்சிக்கறது' ம்பாரு."

அண்ணன் விரல் நாயக மணியிலிருந்து கிளம்பி, சிவப்பு மணிகளின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. நிறம் தேயத் தொடங்கும் இடத்தில் நின்றது.

"இங்கதான்டா நீ வர்ற" என்றான்.

நான் அந்த மணியைத் தொட்டுப் பார்த்தேன்.

அண்ணன் கயலைப் பார்த்தான். முந்தின மாலையிலிருந்து அவள் முகத்தை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "ஏம்மா, மீதி மணியையும் இதே கலருக்கு உன்னால கொண்டாந்துட முடியுமா?"

"முடியும். ரெண்டு வருஷம் ஆகும்" என்றாள். "ஆனா பண்ண மாட்டேன் பெரியப்பா. ஒருத்தர் கை ஏத்தின கலர இன்னொருத்தர் சரி பண்ணக் கூடாது. குழியில அது பெரிய தப்பு. இது தாத்தாவோட கை."

"அப்போ நேத்து பண்ணது?"

"வெள்ளையா இருந்ததும் தாத்தாவோட கைதான்னு தெரியல." அவள் தலை குனிந்தது. "தூசுனு நெனச்சேன்."

அண்ணன் அப்பா படத்தின் கீழே இருந்த விபூதிச் சம்புடத்தை எடுத்தான். அவள் நெற்றியில் பூசிவிட்டு, விரலில் மிச்சம் இருந்ததை மாலையின் பெரிய மணியில் துடைத்தான். "நாப்பது வருஷம் ஆவும்" என்றான்.

"ஈரம் இழுக்கும் பெரியப்பா" என்றாள் அவள், அழுதுகொண்டே.

"இழுக்கட்டும்."

8

துவாதசியன்று அண்ணன் அந்த மாலையைப் போட்டுக்கொண்டுதான் காரியம் செய்தான். பௌர்ணமிக்கு மூவரும் மலை சுற்றினோம். கயலுக்குப் பாதி வழியில் கால் கொப்புளித்தது. "குழின்னா உக்காந்திருக்கலாம். இது நடக்கற குழி" என்று முனகினாள். அண்ணன் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

காவல் நிலையத்திலிருந்து திரும்பிய அன்று மாலை, மலரும் நானும் சாப்பிட்டு முடித்தோம். அப்பா போனதிலிருந்து அந்த வேளையில் நான் யாரையும் கூப்பிடுவதில்லை. அண்ணனோடு பேச்சு ஞாயிற்றுக்கிழமைகளில்தான். பாத்திரத்தை எடுக்கப் போனபோது கயல் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் பிரஷ்.

"அப்பா, அங்க ஆறு மணி."

அண்ணனைக் கூப்பிட்டேன். நாலைந்து மணி அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுத்தான்.

"என்னணா, தொந்தரவு பண்ணிட்டேனா?"

"ஆமாடா, தொந்தரவுதான். இப்பதான் குந்தினேன். மாலைய கீழ வெச்சிட்டு வர்றேன். சொல்லு, சாப்ட்டியா?"

கயல் என் தோளுக்கு மேலாகப் போனுக்குள் கத்தினாள். "பெரியப்பா! எந்த மணியில நிறுத்தின?"

"யாரும்மா ஞாபகம் வெச்சிக்கறது?"

"வேணாம், ஞாபகம் வெக்காத. நாளைக்கு மொதல்லேர்ந்து பண்ணு. சரியா?"

"சரிம்மா" என்றான் அண்ணன். "நாளைக்கு மொதல்லேர்ந்து."